வராத பல்லுக்குக் கொழுக்கட்டை

ஞானப்பூ முகத்தைச் சுளிக்காமல் ஒரு வேளை போனதில்லை. பாளையங்கோட்டையில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்த முகத்தைத்தான் முதலில் சொல்வார்கள். மூக்கு ஒரு பக்கமாக ஏறிக்கொள்ளும், மேலுதடும் கூடவே போகும், ‘சீ’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் பேச்சு. இந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இவள் எப்படித்தான் பிள்ளைப்பேறு பார்க்க வந்தாளோ என்று பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் வலி எடுத்துவிட்டால் வண்டி அவள் வீட்டுக்குத்தான் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரத்தம், சீழ், பீ, மூத்திரம், புழு வைத்த புண் இதெல்லாம் அவளை ஒன்றும் செய்யாது. வெறும் கையால் வழித்து எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அடுத்த நிமிஷம் உட்கார்ந்து சோறு தின்பாள். அவளுக்குக் குமட்டியதெல்லாம் நன்றாகப் பெருக்கித் துடைத்துக் கோலம் போட்ட வீடுகளில்தான். பெண்டாட்டி உள்ளே செத்துக்கொண்டிருக்கும்போது வெளியே உட்கார்ந்து ஜாதகக் குறிப்புக்கு நேரம் சரியாகச் சொல்லும்படி கேட்கிற புருஷனைப் பார்த்தால் அவளுக்கு வயிற்றைப் புரட்டும். பெண் பிள்ளை என்று தெரிந்ததும் வெந்நீர் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிற மாமியாரைப் பார்த்தால் புரட்டும். அவள் கண்ணில் அழுக்கு என்பது வேறு.

வள்ளியூருக்குக் கிழக்கே பனங்காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊரில் கிறிஸ்தவ சபை உபதேசியார் மகளாகப் பிறந்தவள் அவள். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் பாக்கியசீலனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குடித்தனம் ஒழுங்காகத் தொடங்கும் முன்பே வாந்திபேதி அவனைக் கொண்டுபோய்விட்டது. பிள்ளை குட்டி இல்லை. சொந்தக்காரர்கள் கூடி, ஜெபம் பண்ணிக்கொண்டு மூலையில் இருக்கச் சொன்னார்கள். அவள் முகத்தைச் சுளித்துவிட்டு, பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வைத்திருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவிடம் போய் வேலை கேட்டாள். கிண்ணம் கழுவுவதில் ஆரம்பித்துப் பிரசவம் பார்ப்பது வரைக்கும் அங்கேதான் கற்றுக்கொண்டாள்.

அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பிள்ளை உயிரோடு வெளியே வந்தால் மட்டும் போதாது, அது வளருகிறதா என்று மாதம் ஒருதரம் போய்ப் பார்க்க வேண்டும் என்பாள். கழுத்து நிற்கிறதா, கண் வெளிச்சத்தைத் தொடர்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, குப்புற விழுகிறதா, உட்காருகிறதா, நடக்கிற வரைக்கும் விடக்கூடாது. அதற்காக ஞானப்பூ கையில் ஒரு தொங்கு தராசும் துணித் தூளியும் கொடுத்தனுப்பினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பதிமூன்றில் திருநெல்வேலிச் சீமையில் இதை யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. போன வீட்டிலெல்லாம் தராசைப் பார்த்ததும் கதவை ஒருக்களித்தார்கள்.

“ஏம்மா, எம்பிள்ளை என்ன கருப்பட்டிச் சிப்பமா? தூக்கி நிறுத்துப் பாக்கதுக்கு?” என்று முக்கூடலில் ஒரு பெண் கேட்டாள்.

நிறுத்தால் பிள்ளை தேய்ந்துபோகும் என்பது எல்லாருடைய பயமும். தராசு பைக்குள்ளேயே கிடந்து துரு ஏறியது. இருந்தாலும் ஞானப்பூவுக்குப் பெரிதாகக் கவலை இல்லை. ஏனென்றால் பிள்ளை வளர்வதைச் சொல்ல இந்த ஊரில் ஏற்கனவே ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை குப்புற விழுந்தால் அந்த வீட்டில் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கெல்லாம் கொடுப்பார்கள். முதல் பல் எட்டிப் பார்த்தால் தேங்காய்ச் சில்லுப் போட்டுப் பல் கொழுக்கட்டை. தவழ்ந்து படி தாண்டினால் பணியாரம். பிரசவம் பார்த்தவளுக்கும் ஒரு தூக்குச்சட்டி கட்டாயம் வரும். தூக்குச்சட்டி வந்த மாதத்தைப் பார்த்தே அவள் பிள்ளையின் வளர்த்தியைத் தெரிந்துகொள்வாள். இந்தச் சனங்கள் செய்கிற காரியங்களிலேயே முகம் சுளிக்காமல் அவள் ஏற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதில் போய்ப் பொய் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

திருநெல்வேலியில் கோயிலை ஒட்டிய தெரு ஒன்றில் ஞானசம்பந்த பிள்ளையின் வீடு இருந்தது. முன்னோர் காலத்தில் ஆற்றுப்பாசனத்தில் ஏராளமான வயல். இப்போது அதில் கால்வாசிகூட மிச்சமில்லை. அவர் தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தா. காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கணீரென்று பதிகம் பாடுவார். குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வீட்டுச் சாவிக்கொத்து அவருடைய அக்கா பார்வதியம்மாள் இடுப்பில். இளவயதிலேயே தாலியறுத்துத் தம்பி வீட்டுக்கு வந்தவள். தம்பி பெண்டாட்டி உலகம்மாள் வாயைத் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. அவள் பெற்ற முதல் இரண்டும் பிறந்த சூட்டோடு போய்விட்டன. மூன்றாவது ஆண். சிவசண்முகம் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் பிரசவத்தை ஞானப்பூதான் பார்த்தாள். வீட்டின் பக்கவாட்டில் போகிற முடுக்கு வழியாகத்தான் அவளை உள்ளே விட்டார்கள். அவள் வெளியே வந்ததும் நடந்த இடமெல்லாம் சாணித் தண்ணீர் தெளித்தார்கள். கால் மறைவதற்குள் தெளித்துவிட வேண்டும் என்று என்ன அவசரமோ, அவள் சேலையிலேயே பட்டது. அவள் திரும்பிப் பார்த்து ஒரு ‘சீ’ மட்டும் போட்டுவிட்டுப் போனாள். அதே வாரம் அந்த வீட்டு மாட்டுத் தொழுவில் வேலை செய்த இசக்கியம்மாவுக்கும் பெண் பிறந்தது. தொழுவை ஒட்டிய சாய்ப்பிலேயே ஞானப்பூ அதற்கும் தொப்புள்கொடி அறுத்தாள். முப்பிடாதி என்று பெயர். அந்தப் பிள்ளைக்கு யாரும் ஜாதகம் எழுதவில்லை.

அதற்குப் பிறகு ஞானப்பூ மாதம் தவறாமல் அந்த வீட்டுக்குப் போனாள். போகும்போதெல்லாம் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அரங்கு என்கிற உள்ளறைக்குள் தொட்டில். தொட்டில்மேல் பட்டுத் துணி. வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் எட்டிப் பார்க்கலாம். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு மட்டும் பெரிதாகத் தெரியும்.

“தூங்குதான், எழுப்பாத. எம்பிள்ளை அழுததா யாரும் சொல்லட்டும் பாப்போம். தங்கம்!” என்பாள் பார்வதியம்மாள்.

அழாத பிள்ளை என்று தெருவே பேசியது. ஐந்தாவது மாதம் தூக்குச்சட்டியில் கொழுக்கட்டை வந்தது. ஏலக்காய் மணக்க, உள்ளே பூரணம் வழிய, குறை சொல்ல முடியாத கொழுக்கட்டை. ஞானப்பூ தின்றாள். குப்புற விழுந்துவிட்டான், நல்லபடியாக வளருகிறான் என்று டாக்டரம்மாவிடமும் போய்ச் சொன்னாள். எட்டாவது மாதம் பல் கொழுக்கட்டை வந்தது. அதையும் தின்றாள்.

பல் முளைக்கிற நேரத்தில் பிள்ளைக்கு வயிறு போகும், அந்தச் சமயம் என்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று மறுநாளே புறப்பட்டாள். நல்ல வெயில். முடுக்கு வழியாகப் புறவாசலுக்கு வந்தபோது அங்கே ஒருத்தரும் இல்லை. தொழுவுக்கு முன்னால் முப்பிடாதி மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அரைஞாண் கயிறு தவிர உடம்பில் ஒன்றும் கிடையாது. கையில் ஒரு புண்ணாக்குக் கட்டி. ஞானப்பூவைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. கீழ் ஈறில் இரண்டு பல், அரிசி முனை மாதிரி.

தண்ணீர்க் குடத்தோடு வந்த இசக்கியம்மாவிடம், “எப்ப முளைச்சுது?” என்று ஞானப்பூ கேட்டாள்.

“ரெண்டு நாளாச்சு நர்ஸம்மா. நான் பாக்கவே இல்ல. ஆச்சிதான் மொதல்ல பாத்தாக.”

“எந்த ஆச்சி?”

“பார்வதியாச்சிதான். தெனமும் வந்து எம்புள்ள வாயில வெரல விட்டுத் தடவிப் பாப்பாக. பொறவு தலையோட தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள போவாக. அன்னைக்குப் பல்லு வெரல்ல தட்டிட்டு. ஒடனே அரிசிய ஊறப் போடச் சொல்லிட்டாக.”

ஞானப்பூவின் மூக்கு ஏறவில்லை. முகம் அப்படியே நின்றுவிட்டது.

“குப்புற விழுந்தப்போ?”

இசக்கியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னைக்கும் இப்பிடித்தான். இவ இங்கன சாக்குல கெடந்து பொரண்டா. ஆச்சி பாத்துட்டு உள்ள ஓடுனாக. சாயந்தரம் கொழுக்கட்டை. நான் பைத்தியக்காரி, எம்புள்ள பொரண்டதுக்குத்தான் அவிக்காகளோன்னு நெனச்சுட்டேன். அவளுக்கு ஒண்ணு வாங்கி வாயில தடவலாமேன்னு போயிக் கேட்டேன். சின்னையாவுக்கு நேந்தது, ஒனக்குக் கெடையாதுன்னு சொல்லிட்டாக.”

நேற்று மென்று விழுங்கியது ஞானப்பூவின் தொண்டைக்கு ஏறி வந்தது. இந்தப் பெண்பிள்ளையின் வாயைத் தொட்டால் தீட்டு, தலை முழுக வேண்டும். ஆனால் இதன் பல்லைக் கடன் வாங்கித் தங்கள் வீட்டுப் பிள்ளைக்கு முளைத்ததாகத் தெருவெல்லாம் இனிப்புக் கொடுக்கலாம். அதற்குத் தீட்டு இல்லை. தூ!

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அடுக்களையைத் தாண்டி, பட்டாசல் என்கிற கூடத்தைத் தாண்டி நேராக அரங்குக்குள் போனாள். உலகம்மாள் தொட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். ஆனால் தடுக்கவில்லை. ஞானப்பூ பட்டுத் துணியை எடுத்து எறிந்தாள்.

தொட்டிலில் கிடந்தது எட்டு மாதப் பிள்ளை என்று யாரும் சொல்லமாட்டார்கள். வயிறு மட்டும் உப்பிக் கிடந்தது. தொடையில் சதை என்று ஒன்றும் இல்லை, தோல்தான் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தூக்கியதும் தலை பின்னால் தொங்கியது. பின்மண்டை கிடந்து கிடந்தே தட்டையாகியிருந்தது. முதுகில் புண். இமையை விரித்துப் பார்த்தாள். கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வாயில் ஒரு பல்லும் இல்லை. பாலோடு சேர்ந்து வேறொரு வாடை வந்தது. அந்த வாடை அவளுக்குத் தெரியும்.

“அபின்,” என்றாள். “யாரு குடுக்கா?”

உலகம்மாள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பதில் வாசற்படியிலிருந்து வந்தது.

“நான்தான் குடுக்கேன். யாரைக் கேட்டு உள்ள வந்த?” பார்வதியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஈரச் சேலை, ஈரத் தலை. சற்று முன்புதான் இன்னொரு முறை குளித்திருக்கிறாள்.

“பிள்ளை செத்துக்கிட்டு இருக்கான்.”

“வாயைக் கழுவு. பிறந்ததிலிருந்து ராத்திரி பகல்னு பாக்காம அழுதான். எதுத்த வீட்டுப் பெரம்மநாயகி வந்து, இதுவும் தங்காது போலிருக்கேன்னு வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போறா. ரெண்டைத் தூக்கிக் குடுத்த வீடு இது. மூணாவதும் சோடைன்னு ஊர் சிரிக்கணுமா? கடுகளவுதான் உரசி ஊத்துனேன். தூங்குனான். எல்லா வீட்லயும் செய்யுததுதான்.”

“கடுகளவில ஆரம்பிச்சது இப்ப எம்புட்டு?”

பதிலுக்கு உலகம்மாள்தான் விரல் நகத்தின் அளவைக் காட்டினாள். பிறகு சன்னமான குரலில், “பால் குடிக்கவே முழிக்க மாட்டேங்கான் நர்ஸம்மா. எனக்குப் பாலும் வத்திப்போச்சு,” என்றாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ஞானசம்பந்த பிள்ளை சாப்பாட்டுக்காகக் கச்சேரியிலிருந்து வந்திருந்தார். ஞானப்பூ பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அவர் பார்க்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், மாட்டியது நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார்.

“வீட்டு விஷயமெல்லாம் அக்கா பாத்துக்கிடுதா,” என்றார்.

அந்தக் குரலில்தான் அவர் காலையில் பதிகம் பாடுவார். ஞானப்பூவுக்கு அபின் வாடையைவிட அந்தக் குரல்தான் அதிகமாகக் குமட்டியது.

“நான் தெருவில நின்னு சொல்லப் போறேன்,” என்றாள்.

“போய்ச் சொல்லு,” என்றாள் பார்வதியம்மாள். “நீ சொல்லதை இந்தத் தெருவில யாரு கேப்பா? தீட்டுக்காரி வீடு புகுந்து பிள்ளையைத் தூக்கிட்டான்னு நான் சொன்னா எல்லாரும் கேப்பாக. அப்புறம் இந்த வாசல்ல மட்டுமில்ல, எந்த வாசல்லயும் நீ கால் வைக்க முடியாது.”

அது உண்மை. ஞானப்பூ தெருவில் போய்க் கத்தினால் கதவு மூடும். கதவு மூடினால் பையன் உள்ளே கிடந்து அடுத்த மழைக்கு முன்னால் போய்விடுவான். அவள் பிள்ளையின் முதுகுப் புண்ணைப் பார்த்தாள். பிறகு அவள் செய்த காரியத்தை நினைத்து வெகுநாள் வரைக்கும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“சரி. நான் வாயைத் திறக்கல. நீங்க எத்தனை தூக்குச்சட்டி வேணும்னாலும் அனுப்புங்க. ஆனா பிள்ளையை என் கையில விட்டுருங்க. நான் சொல்லதுதான் அவன் வயித்துக்குள்ள போகணும். தெனமும் வருவேன். தராசில வைப்பேன்.”

“முன்வாசல் வழியா வரக்கூடாது,” என்றாள் பார்வதியம்மாள். பேரம் முடிந்தது.

அபினை ஒரேயடியாக நிறுத்த முடியாது. நிறுத்தினால் பிள்ளைக்கு வலிப்பு வந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். குறையக் குறையப் பையன் அழுதான். எட்டு மாதமாக அழாமல் வைத்திருந்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. பார்வதியம்மாள் ஜன்னல்களை அடைத்தாள். யாராவது கேட்டால், “பல்லு வருதுல்லா, அந்தக் குத்தல்,” என்றாள். அந்தப் பொய்க்கு முந்தைய பொய் எவ்வளவு வசதியாக இருந்தது என்று பாருங்கள்.

ஞானப்பூ தினமும் ஆற்றுப்பாலத்தைத் தாண்டி நடந்து வந்தாள். காய்ச்சின பசும்பாலில் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துப் பிழிந்தாள். ஆரஞ்சுச் சாறு கொடுத்தாள். புண்ணைக் கழுவி மருந்து போட்டாள். எண்ணெய் தேய்த்து இளவெயிலில் கிடத்தினாள். பையன் அவள்மேல் பேண்டான், கக்கினான், அதற்கெல்லாம் அவள் முகம் சுளிக்கவே இல்லை. பார்வதியம்மாள் வந்து நின்றால் மட்டும் மூக்கு ஏறும். தராசில் வைக்கும்போது உலகம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். முதலில் பல நாள் முள் காட்டிய எடை மாறவே இல்லை. பிறகு ஒருநாள் கொஞ்சம் கூடக் காட்டியது. இன்னும் கொஞ்ச நாளில் பையன் கண்ணைத் திறந்து தாயின் வளையலைப் பார்த்தான். வளையலை நகர்த்தினால் கண்ணும் நகர்ந்தது. உலகம்மாளுக்குப் பால்கூட மறுபடி ஊறியது.

இதற்கு நடுவில் முப்பிடாதி தவழ்ந்து தொழுவுப் படியைத் தாண்டினாள். அன்று சாயந்தரமே ஞானசம்பந்த பிள்ளை வீட்டில் பணியாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி ஏறியது. ஞானப்பூ வேலை முடிந்து முடுக்கிலிருந்து தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டுப் பிரம்மநாயகி வாசலில் நின்று பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் அவளுக்குத்தான் தெரிய வேண்டும்.

“ஏம்மா நர்ஸம்மா, பய படி தாண்டிட்டானாமே! நீ கண்ணால பாத்தியா?”

பார்வதியம்மாள் உள்ளே இருந்து ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானப்பூவுக்கு அது தெரியும். அந்த நிமிஷம் படி தாண்ட வேண்டிய பையன் உள்ளே தலையணைக்கு நடுவில் தலை நிற்காமல் கிடந்தான்.

“பாத்தேன்,” என்றாள்.

“இந்தா, நீயும் ஒண்ணு எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டாள். பிரம்மநாயகி பார்க்க ஒரு கடியும் கடித்தாள். தெரு முக்குத் திரும்பியதும் சாக்கடையில் துப்பிவிட்டு, வண்டிப்பேட்டைத் தொட்டியில் தண்ணீர் மொண்டு வாய் கொப்பளித்தாள். பார்வதியம்மாளை அதுவரைக்கும் அவள் தனக்கு வெளியே நிற்கிற ஒரு அசிங்கமாக நினைத்திருந்தாள். இப்போது அதே அசிங்கம் தன் பல்லிடுக்கிலும் இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

ஆண்டு நிறைவு வந்தது. ஊருக்கு முன்னால் பையனைக் காட்ட முடியாது. திருஷ்டி என்று சொல்லிப் பட்டில் சுற்றி, தகப்பன் தோளில் சாய்த்து, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பையன் அப்போது ஓரளவு தேறித்தான் இருந்தான். கழுத்து நிற்க ஆரம்பித்திருந்தது. சத்தம் போட்டுச் சிரிப்பான். அபின் அறவே நின்றுவிட்டது. ஆனால் வெளியே அவன் பல் முளைத்து, படி தாண்டி, அடுத்து நடக்கப் போகிற பிள்ளை. உள்ளே அவன் இன்னும் மல்லாந்து கிடக்கிற பிள்ளை. முன்னால் போய்விட்ட அந்தப் பொய்ப் பிள்ளையை இந்தப் பிள்ளை எந்தக் காலத்தில் எட்டிப் பிடிப்பான் என்று நினைக்க நினைக்க ஞானப்பூவுக்கு எரிந்தது.

அதற்கு அடுத்த மாதம் ஒருநாள் முற்பகல். ஞானசம்பந்த பிள்ளை கச்சேரிக்குப் போய்விட்டார். காற்று வரட்டும் என்று ஞானப்பூ பிடிவாதம் பிடித்து, தெருப்பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, பட்டாசலில் பத்தமடைப் பாய் விரித்துப் பையனைக் கிடத்தியிருந்தாள். உலகம்மாள் ஒரு பக்கமாக உட்கார்ந்து வளையலை ஆட்டினாள். பையன் அதைப் பிடிக்கக் கையை நீட்டினான். எட்டவில்லை. ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டான். இடுப்புத் திரும்பியது. கை அடியில் மாட்டிக்கொண்டது. முகம் சிவந்து, மூச்சுப் பிடித்து முக்கினான்.

உலகம்மாள் கையை விடுவிக்கப் போனாள்.

“தொடாத,” என்றாள் ஞானப்பூ. “அவனே எடுப்பான்.”

பையன் முனகினான், பழையபடி மல்லாந்து விழப் போனான், மறுபடியும் முக்கினான். கை வெளியே வந்தது. அவன் குப்புற விழுந்துவிட்டான். விழுந்ததும் தலையைத் தூக்கி, நாலாபக்கமும் பார்த்தான். இதுவரை கூரையைத் தவிர வேறெதையும் சரியாகப் பார்க்காத பிள்ளை அது. தரையையும் சுவரையும் தாயையும் பார்த்துவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தான்.

“விழுந்துட்டான்!” உலகம்மாள் கத்தினாள். அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. “எம்பிள்ளை குப்புற விழுந்துட்டான்! எம்பிள்ளை குப்புற...”

பார்வதியம்மாள் அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். தலை தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்த தம்பி மகனை அவள் பார்க்கவே இல்லை. நேராக ஜன்னலுக்குப் போய்ப் படாரென்று சாத்தினாள். திரும்பி வந்து உலகம்மாள் வாயைக் கையால் பொத்தினாள்.

“வாயை மூடுட்டி! எந்தக் காலத்திலயோ குப்புற விழுந்த பிள்ளை இன்னைக்கு எப்படி விழுவான்? தெரு கேக்கும்ட்டி! கொழுக்கட்டை குடுத்தாச்சு, பணியாரம் குடுத்தாச்சு. இப்ப சந்தோசப்பட்டா மானம் போயிரும்!”

உலகம்மாளின் கண் பிதுங்கியது. அவள் கையை விலக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஞானப்பூ எழுந்துகொண்டிருந்தாள். அதற்குள் பார்வதியம்மாள், “ஐயோ!” என்று அலறினாள். உலகம்மாள் கடித்துவிட்டாள். சும்மா ஒரு கடி இல்லை, இத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் கடித்தாள். பிடி விட்டதும் பையனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைமுடி அவிழ்ந்தது அவிழ்ந்தபடி, முன்வாசலைத் திறந்துகொண்டு தெருவுக்கே போய்விட்டாள்.

“பெரம்மநாயகி அத்தை! ஏ அத்தை! எம்பிள்ளை இப்பத்தான் குப்புற விழுந்தான். இப்பத்தான்! இன்னும் பல்லு முளைக்கல. படியும் தாண்டல. நாங்க குடுத்ததெல்லாம் பொய் அத்தை. இவன் இன்னைக்குத்தான் விழுந்தான். இங்க வந்து பாருங்க!”

ஒவ்வொரு வீடாகக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கொலுசுச் சத்தம் ஓடி வந்தது. எல்லாருக்கும் மேலே உலகம்மாளின் குரல் திரும்பத் திரும்ப ‘இன்னைக்குத்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. நடுவில் பையன் சிரிக்கிறதும் கேட்டது.

பட்டாசலில் பார்வதியம்மாள் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். “போச்சு, எல்லாம் போச்சு,” என்றாள். உள்ளங்கை ஓரத்தில் வரிசையாகப் பல் பதிந்து ரத்தம் வழிந்து, வெள்ளைச் சேலையில் சொட்டியது. அந்தக் கைதான் அபின் உரசியது. அந்தக் கைதான் இசக்கி மகள் வாயைத் தடவிவிட்டுத் தலை முழுகப் போனது. ஞானப்பூவின் மூக்கு ஏறியது, உதடும் கூடவே போனது. அப்படியே தெருவுக்கு இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது.

பையைத் திறந்து பஞ்சை எடுத்தாள்.

“மனுசக் கடி. விட்டா சீப்பிடிக்கும். கையை நீட்டுங்க,” என்றாள்.

பார்வதியம்மாள் நீட்டவில்லை. தீட்டு என்று பழக்கத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஞானப்பூ குமட்டலை விழுங்கிக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக் கழுவ ஆரம்பித்தாள்.